பின்வாங்கில் இருந்தால் தலைகள்தான் தெரியும்

ஆரம்பக் கல்வியைத் தெரிந்தெடுத்து ஆசிரியராகப் படிக்கிறவர்களுக்குக் கற்பித்தற் பயிற்சிக்கு முன்னால் வகுப்பறை அவதானம் என்று ஒரு கட்டம் வரும். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் தரம் 1 இலோ 3 இலோ இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருக்கிற வேலை என்று பலர் நினைப்பதால் இரண்டாம் நாளே கொட்டாவி வந்துவிடுகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் கொட்டாவி வரத்தான் செய்யும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975 இல் ஒரு கணக்குச் சொன்னார். பாடசாலைப் படிப்பை முடிக்கிற ஒருவர் அதற்குள் ஏறத்தாழ 13,000 மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்தபடி இருந்திருப்பாராம். ஆசிரியரைப் பார்ப்பதில் எங்களுக்குப் பழக்கம் போதாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அதனால்தான் அவதானக் கொப்பியின் முதல் பக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறது: ‘ஆசிரியர் பாட்டுடன் பாடத்தை ஆரம்பித்தார். படம் காட்டினார். கேள்விகள் கேட்டார். பாடம் சிறப்பாக நடைபெற்றது.’ பிள்ளை எங்கே? நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பத்து வசனம் எழுதினால் ஏழிலாவது பிள்ளை எழுவாயாக வர வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

பாடசாலை 7.30 க்குத் தொடங்கும். 7.15 க்கு அதிபரின் அறை வாசலில் நிற்பது நல்லது. கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்து, வரவில் ஒப்பமிட்டு, ஆரம்பப் பிரிவுப் பகுதித் தலைவரைக் கண்டு, அதற்குப் பிறகு வகுப்பாசிரியரிடம் போக வேண்டும். நேரே வகுப்புக்குள் நுழைந்துவிட்டு அதிபரைப் பிறகு பார்ப்பதால் வருகிற மனத்தாங்கல் அவதானம் நடக்கிற மூன்று கிழமைக்கும் கூடவே வரும். வகுப்பாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘ரீச்சர், நான் எங்க இருந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?’ என்பதுதான். அவர் பெரும்பாலும் பின்னால் ஒரு கதிரையைக் காட்டுவார். முதல் நாள் அங்கேயே இருங்கள். இரண்டாம் நாள், பக்கவாட்டில் முன்வாங்குக்கு நேராக இருக்கலாமா என்று கேளுங்கள். பின்னால் இருந்தால் தலைகளும் சட்டைக் கொலருந்தான் தெரியும். பக்கத்தில் இருந்தால் முகம், வாய், கை, கொப்பி நாலும் தெரியும். அரைச்சுவர் வகுப்பில் வாசல் பக்கம் மட்டும் இருக்காதீர்கள். வெளிச்சத்தை மறைப்பீர்கள், போகிறவர் வருகிறவர் எல்லோரும் உங்களோடுதான் கதைப்பார்கள். பிள்ளைகளின் சின்னக் கதிரை கிடைத்தால் அதையே எடுங்கள். பெரிய கதிரையில் இருக்கிற ஆள் பிள்ளைக்கு இன்னொரு ரீச்சர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு ‘சரியோ?’ என்று உங்களிடம் வரத் தொடங்கிவிடும்.

அவதானக் கொப்பியின் பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒடுங்கலாக நேரம். நடுவில் அகலமாகக் கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் உங்கள் எண்ணம். வலப்பக்கத்தை வகுப்பில் இருக்கும்போது தொடவே கூடாது, வீட்டுக்குப் போய்ப் பின்னேரம் நிரப்ப வேண்டும். க என்று ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். ‘க கவனமில்லாமல் இருந்தான்’ என்பது எண்ணம். ‘8.52: க அழிறப்பரை மேசை விளிம்பில் உருட்டுகிறான். ரீச்சர் பெயர் சொன்னதும் நிமிர்ந்து சரியான விடை சொன்னான்’ என்பது கண்டது. இரண்டையும் ஒன்றாக எழுதிப் பழகியவர்கள் தங்கள் தீர்ப்பையே சாட்சியாக எண்ணிவிடுகிறார்கள். பிள்ளைகளின் உண்மைப் பெயரை எழுத வேண்டாம், அ, க, ச என்று எழுத்தைப் போடுங்கள். கைத்தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள். படம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

முதல் கிழமையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இருக்கை வரைபடம். வாங்குகளையும் மேசைகளையும் கட்டங்களாகக் கீறி, இருபது நிமிடத்துக்கு ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பிள்ளை தானாகக் கை உயர்த்தினால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். இருபது நிமிடம் முடிய வரைபடத்தைப் பாருங்கள். முன்வாங்கும் நடுவரிசையும் கோடுகளால் கறுத்திருக்கும், ஓரக்கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். நல்ல ஆசிரியரின் வகுப்பிலும் இது நடக்கிறது, அவருக்கே தெரியாமல் நடக்கிறது. நாளைக்கு உங்கள் வகுப்பிலும் நடக்கும். அதனால் வரைபடத்தை வைத்து அவரைக் குறைசொல்ல வேண்டாம்.

அடுத்தது கேள்வி. ‘விளங்கினதோ?’ என்று ரீச்சர் கேட்க, முப்பது குரல் ‘ஓம் ரீச்சர்!’ என்று கூரை அதிரச் சொல்லும். இந்த ஓமை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். கூட்டுவிடை சொல்லும்போது ஒரு பிள்ளையின் வாயை மட்டும் பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் உதடு அசைந்த பிறகு, அரைத்தட்டுப் பிந்தி, அந்த வாய் அசைகிறதா என்று பாருங்கள். கடைசி அசையில் மட்டும் பலத்துச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. ‘…ரண்டு!’ என்று முடிவைப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் நிற்கிற ஆசிரியரால் இதைக் காண முடியாது. பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் அந்த வசதி.

கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையிலான மௌனத்தையும் அளவிடுங்கள். மனதுக்குள் ‘ஒண்டு… ரண்டு… மூண்டு’ என்று எண்ணினால் போதும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதைப் பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுக்கிறார்கள், அதை மூன்று செக்கனாக நீட்டினால் பிள்ளைகளின் விடை நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். எங்கள் வகுப்புகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மண்டபத்துக்குள் தட்டி வைத்துப் பிரித்த மூன்று வகுப்பு இருந்தால், மௌனம் விட்டதும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு உள்ளே வந்துவிடும். அதனால்தான் சில ஆசிரியர்கள் இடைவிடாமல் பேசுகிறார்கள். இந்தக் காரணத்தைக் காணாமல் ‘காத்திருப்பு நேரம் போதாது’ என்று மட்டும் எழுதினால் அவதானம் அரைகுறை.

இனி வாசிப்பு. தரம் 1, 2 இல் இருந்து பார்க்கிறவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இது. ஒரு பிள்ளை ‘பட்டம்’ என்ற சொல்லை வாசிக்கிறது. விரலை வைத்து, ‘பானா… இட்டன்னா… டானா… இம்மன்னா’ என்கிறது. பிறகு ஒரு இடைவெளி. கண் பக்கத்தில் உள்ள படத்துக்குப் போகிறது. ‘பட்டம்!’ வகுப்பே கைதட்டுகிறது. உங்கள் கொப்பியில் வர வேண்டியது கைதட்டு அல்ல, கண் போன திசை. எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் ஒலி வேறு. ‘பானா’வையும் ‘டானா’வையும் எத்தனை தரம் ஒட்டினாலும் பட்டம் வராது. முன்பள்ளியிலும் வீட்டிலும் ஆனா ஆவன்னா என்று பாடமாக்கிவிட்டு வருகிற பிள்ளைகள், எழுத்தெல்லாம் தெரிந்தும் சொல்லில் தடக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். படம் இல்லாத சொல் வரும்போது, ‘பக்கம்’, ‘பழக்கம்’ போன்றவை வரும்போது, அதே பிள்ளையைத் திரும்பப் பாருங்கள். முதல் எழுத்தைப் பார்த்து ‘பட்டம்’ என்றே சொல்லும். கெட்டிக்கார ஆசிரியர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலர் எழுத்தின் பெயரைத் தாங்களே சொல்லாமல் ‘ப’ என்ற ஒலியை மட்டும் தருவார்கள். சிலர் படத்தின்மேல் கையை வைத்து மறைத்துவிட்டு ‘இப்ப சொல்லுங்கோ பாப்பம்’ என்பார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று யாழ்ப்பாணப் பேச்சு. பாடநூலில் ‘மூன்று’ என்று இருக்க, பிள்ளை ‘மூண்டு’ என்று வாசிக்கும். பிழையா? பிள்ளை சொல்லைக் கண்டுவிட்டது, பொருளையும் எடுத்துவிட்டது, வீட்டு வாயால் சொன்னது. ‘ஒன்று’ ஒண்டு, ‘கன்று’ கண்டு, ‘பன்றி’ பண்டி என்று ஒரே ஒழுங்கில்தான் மாறுகிறது. இந்தப் பிள்ளையையும் சொல்லைக் காணாமல் ஊகித்த பிள்ளையையும் ஒரே பட்டியலில் போட்டால் அவதானம் கெட்டது. ஆனால் எழுத்தில் இது வேறு கதை. சொல்வதெழுதலில் ‘கண்டுக்குட்டி’ என்று கொப்பியில் வரும்போது அதற்கு மேல் வெறும் சிவப்புக் கோடு கீறிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, தன் காதுக்குக் கேட்டதை அது சரியாகத்தானே எழுதியது. ‘நாங்கள் கதைக்கேக்க கண்டு, எழுதேக்க கன்று’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஆசிரியரைக் கண்டால் அந்தப் பாடவேளையை முழுதாக எழுதிவையுங்கள். ல, ள, ழ பிழைகளையும் ந, ன, ண பிழைகளையும் இப்படியே ஒலியால் வந்தவை, எழுத்து வடிவத்தால் வந்தவை என்று பிரித்துப் பாருங்கள். ‘பழம்’ ‘பளம்’ ஆவது காதின் வேலை. ‘ண’ வுக்குச் சுழி ஒன்று குறைவது கையின் வேலை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பிழை தீராது.

கணிதத்தில் தரம் 3 வகுப்பில் ஒரு கழித்தலைக் கவனியுங்கள். 42 இலிருந்து 17 ஐக் கழிக்க வேண்டும். கொப்பியில் 35. ரீச்சர் பிழை போடுவார், பிள்ளை அழித்துவிட்டுப் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து 25 என்று எழுதும். எங்கே பிழைத்தது? பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்தது. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று முன்பு படித்த விதியை ஒன்றினிடத்திலும் பிடித்தது. அதே பிள்ளையின் மற்றக் கணக்குகளையும் பாருங்கள், 53 − 28 க்கு 35 என்றிருக்கும், 61 − 34 க்கு 33 என்றிருக்கும். ஒரே பிழை ஒழுங்காக வந்தால் அது கவனயீனம் அல்ல, தவறான விதி. நான்கைந்து விடைகளைக் கொப்பியில் பிரதிபண்ணிக்கொண்டு வந்தால் வீட்டில் இருந்து கண்டுபிடிக்கலாம். சரியான விடைகளைப் பிரதிபண்ணுவதில் பிரயோசனம் இல்லை.

இந்த இடத்துக்கு ஆசிரியர்கள் ஈர்க்குக் கட்டுகள் கொண்டுவருவார்கள். பத்து ஈர்க்கை றப்பர் வளையத்தால் கட்டினால் ஒரு பத்து. நாலு கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அந்த அவிழ்ப்பில்தான் பாடம் இருக்கிறது. பழுதாகிற இடமும் அதுதான். கட்டுகளை ரீச்சரே வீட்டில் கட்டி, அவிழாமல் இறுக்கிக் கொண்டுவந்தால், பிள்ளைக்கு அது வெறும் தடி. பிள்ளைகளே கட்டினால் ஒன்பது ஈர்க்கும் பதினொரு ஈர்க்குமாகக் கட்டுகள் வந்து விடை குழம்பும். முதல் நாள் கட்டியதை அடுத்த நாள் எண்ணாமல் பாவித்தால் இப்படி நடக்கும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, ஆனால் கட்ட முடியாது. பத்தைக் காட்ட வேண்டுமென்றால் சின்னப் பை வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கடதாசி அட்டைகள் வாசலைத் தாண்டிப் போய்விடும். அப்போது கொட்டையும் ஈர்க்குந்தான் கைகொடுக்கும்.

எண்களைச் சொல்லச் சொல்லும்போது 29, 39 இல் காதை வையுங்கள். ‘இருபத்தொன்பது, இருபத்திப்பத்து’ என்று போகிற பிள்ளைக்குப் பத்தின் ஒழுங்கு விளங்கியிருக்கிறது, பெயர்தான் தெரியாது. 89 க்குப் பிறகு வருகிற தொண்ணூறு இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது. ‘தொண்ணூற்றியொண்டு எழுதுங்கோ’ என்றால் 101 என்று எழுதுகிற பிள்ளை தன் காதை நம்பியிருக்கிறது.

ஆரம்பக் கல்வியில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வழி இருக்கிறதல்லவா, முதல் இரு தரங்களில் விளையாட்டுக்கு முதலிடம், மேலே போகப் போக எழுத்துவேலை கூடும். பாடக்குறிப்பில் மூன்றும் அழகாகப் பிரிந்திருக்கும். வகுப்பில் நேரம் தின்பது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற இடைவெளி. விளையாட்டு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் கொப்பியில் முதல் எழுத்தை எழுதும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ‘கொப்பியை எடுங்கோ, திகதி போடுங்கோ, கோடு கீறுங்கோ, பலகையில இருக்கிறதைப் பாத்து எழுதுங்கோ’ என்று ஒரே மூச்சில் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலாவது மட்டும் நிற்கும். கொப்பி எடுத்துவிட்டு அடுத்தது என்ன என்று சுற்றிப் பார்க்கும், பார்த்ததும் கதை தொடங்கும், கதைக்கு ஏச்சு விழும். ஏச்சு பிள்ளைக்குத்தான் விழும். பென்சில் கூர் உடைவதும் இந்த நேரத்தில்தான். ரீச்சரின் மேசையில் கட்டருக்கு வரிசை நிற்கும். தகர டின் ஒன்றில் சீவிய பென்சில் பத்து வைத்திருக்கிற வகுப்பில் இந்த வரிசையே இல்லை. ஐந்து நிமிடம் மிச்சம். இந்தச் சின்ன வேலைகளை எந்த வழிகாட்டியிலும் காணமாட்டீர்கள், பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இடக்கைப் பிள்ளையைத் தேடுங்கள். இரண்டு பேர் இருக்கிற வாங்கில் இடப்பக்கம் இருந்தால் முழங்கை இடிக்காது. வலப்பக்கம் இருத்தினால் இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை, பழி இடக்கைக்காரருக்கு. பலகையைப் பார்க்காமல் பக்கத்துக் கொப்பியைப் பார்த்தே எழுதுகிற பிள்ளை களவு எழுதுகிறது என்று அவசரப்பட வேண்டாம். அதன் இடத்தில் இடைவேளையில் போய் இருந்து பலகையைப் பாருங்கள். வாசல் வெளிச்சம் பட்டு எழுத்து மினுங்குகிறதா, வெண்கட்டி எழுத்து சிறிதா, அல்லது பலகை தெளிவாகத்தான் இருக்கிறதா? தெளிவாக இருந்தால் கண் பார்வையைப் பற்றி வகுப்பாசிரியருக்கு மெல்லச் சொல்லலாம். தரம் 1 இலும் 4 இலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, அதற்கு முன்னரே அவர் பெற்றோருக்குச் சொல்ல வழியிருக்கும்.

எந்தத் தரத்தை எப்போது பார்ப்பது என்பதிலும் கணக்கு உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிற மாதங்களில் தரம் 5 க்குப் போனால் கற்பித்தலைக் காணமாட்டீர்கள், வினாத்தாள் திருத்தத்தைத்தான் காண்பீர்கள். ரியூசனில் ஏற்கெனவே செய்த வினாவுக்கு வகுப்பில் கை உயர்கிறது, அது விளக்கத்தின் அடையாளமல்ல. தரம் 5 ஐ வருடத் தொடக்கத்தில் பாருங்கள். தரம் 1 ஐ முதல் தவணையில் ஒரு தரமும் மூன்றாம் தவணையில் ஒரு தரமும் பார்க்கக் கிடைத்தால் பெரிய வாய்ப்பு.

யாழ்ப்பாணத் தீவுகளுக்கான தீவக வலயத்தில் சின்னப் பாடசாலை கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஒரே ஆசிரியர் இரண்டு, மூன்று தரங்களைச் சேர்த்து எடுக்கிற பல்தர வகுப்பைப் பட்டினத்துப் பெரிய பாடசாலையில் காண முடியாது. அங்கே ஒரு தரத்துக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்துக்குக் கற்பிப்பார். நீங்கள் எழுத்துவேலைக் குழுவில் இருங்கள். வேலை எத்தனை நிமிடத்தில் முடிகிறது, முடிந்த பிள்ளை என்ன செய்கிறது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாம் அங்கேதான். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையின் படகு நேரம்தான் உங்கள் நேர அட்டவணை. கடல் கொந்தளித்தால் அன்றைய அவதானம் இல்லை என்று எழுதிவிட வேண்டியதுதான், இல்லாத பாடவேளையைக் கற்பனையில் நிரப்பாதீர்கள்.

இன்னொரு இடைஞ்சல் எல்லா இடத்திலும் உண்டு. ஒரு ஆசிரியர் லீவு என்றால் ‘நீங்கள் அந்த வகுப்பைக் கொஞ்சம் பாருங்கோ’ என்று அனுப்பிவிடுவார்கள். மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பாடவேளையை அவதானம் என்று கணக்கில் போடாமல் ‘பதில் கடமை’ என்று நேர்மையாக எழுதுங்கள். பாடம் நடத்தியபடி அவதானிக்க இயலாது.

பிரம்பைக் காண நேரலாம். இலங்கைக் கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடற்தண்டனையைத் தடைசெய்கிறது. வகுப்பின் நடுவில் ஆசிரியரோடு வாதாடப் போக வேண்டாம், அது பிள்ளைக்கும் உதவாது. கண்டதை நேரத்தோடு எழுதி, அன்றே உங்கள் மேற்பார்வை விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காயம் ஏற்படுகிற அளவென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

பாடம் முடிய ஆசிரியரோடு கதைக்கக் கிடைப்பது இடைவேளையில் ஐந்து நிமிடம், அதிலும் அவர் தேநீர் குடிக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘ஏன் குழுவேலை செய்யேல்லை?’ என்று கேட்டால் கதவு அடைபடும். ‘ரீச்சர், 9.10 க்கு நீங்கள் பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் கொட்டையை எடுத்தீங்கள், என்னத்தைக் கண்டீங்கள்?’ என்று கேட்டால், அவர் கண்ட பிள்ளை எது என்று சொல்வார். உங்கள் கொப்பியை அவர் கேட்டால் அப்படியே நீட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இடப்பத்தியில் நேரமும் நடுப்பத்தியில் நடந்ததும் மட்டும் இருந்தால் நீட்டலாம்.

கடைசி நாளுக்கு முதல் நாளே பிள்ளைகளிடம் ‘நாளையோட நான் வரமாட்டன்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் தரம் 1 பிள்ளைகள் அடுத்த திங்கள் அந்தச் சின்னக் கதிரையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள், ரீச்சருக்கு முதல் பாடவேளை போய்விடும்.